பெயர்க்காரணம்

பிப்ரவரிப் புயல் ஓய்ந்த மறுநாள்
விஸ்துலா ஆறு கடலில் விழும் இடத்தில்
இடுப்பளவு நீரில் நின்று
நீண்ட காம்பு வலையால் பாசியை அள்ளிக்கொண்டிருந்தார்
ப்ரூனோன் கொன்கெல்.
டிராம் ஓட்டுபவர். அன்று விடுமுறை.
மீனுக்கான வலையில்லை அது.
கரையில் கொட்டிய குப்பைமேல்
புற ஊதா விளக்கைப் பாய்ச்சினால்
நீலமாய் விழித்துக்கொள்வது அம்பர்.

இருமல் மிட்டாய் டப்பாவில் அதைப் போட்டு
க்தான்ஸ்க் அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடிக்கு
மூச்சிரைக்க ஏறி வந்தார்.
"உள்ளே ஒரு கொசு இருக்கு."
"கொசு இல்லை, பூஞ்சைக்கொசு" என்றாள் யாத்விகா.
"கொசுதானே" என்றார்.

நான் படம் வரைபவன்.
அவள் தேய்ப்பாள், நான் காத்திருப்பேன்.
கல்லின் இடப்பக்கம் முழுக்கப் பால்மூட்டம்,
உடல் அழுகும்போது விட்ட மூச்சு அது.
நனைந்த உப்புத்தாள், பிறகு பற்பசை,
பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை கண்ணருகே.
அரை மில்லிமீட்டர் கூடினால் இறக்கை போய்விடும்.
குறைந்தால் இனமே பிடிபடாது.
அந்த வாரம் முழுக்க அவள் காப்பியைத் தொடவில்லை,
கை நடுங்குமாம்.

புதிய இனத்தை விவரிக்கும் மொழியில்
வினைமுற்றுக்கு வேலை இல்லை.
தலை: கரும்பழுப்பு.
உணர்கொம்பு: பதினாறு கணு.
இறக்கை: நடு நரம்பின் கவை, காம்பைவிட நீளம்.
இடது பின்னங்கால்: தொடைக்குக் கீழே இல்லை.

இல்லை என்று எழுதியவள்
லென்சை விட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.
இருக்கிறது.
மூன்று மில்லிமீட்டர் தள்ளி, தனியாக,
ஓக் பூவிலிருந்து உதிர்ந்த நட்சத்திர மயிரொன்றில் சாய்ந்து
அந்தக் கால்.
பிசின் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது.
இது ஒரு பக்கம்.

வயிற்று நுனியில் மூன்று முட்டைகள்.
ஒன்று இன்னும் பாதி உள்ளே.

தொலைபேசியில் ப்ரூனோன்:
"செத்தப்போ பகலா, ராத்திரியா?"
அதற்குப் படிவத்தில் இடமில்லை.
அடுக்குக்கு உண்டு, வயதுக்கு உண்டு,
சேமிப்பு எண்ணுக்கு உண்டு.
"தெரியாது" என்றாள்.
"பகல்னு வச்சுக்குவோம்."
அவர் பின்னால் டிராம் மணி அடித்தது.
"உங்க பேரையே வைக்கலாமா இதுக்கு?"
"வேண்டாம்மா. நாலு கோடி வருஷம்
பேர் இல்லாம நிம்மதியா இருந்திருக்கு.
என் பேரை என் தம்பி மகனுக்கே வைக்கலை."

குறிப்புப் பகுதியில் ஒரே ஒரு வரி
ஆசையாய் எழுதினாள்:
முட்டையிட்டு முடிப்பதற்குள் இறந்தது.
மதிப்பீட்டாளர் சிவப்பில்: ஊகம். நீக்கவும்.
நீக்கினாள்.
நீக்கியதைப் பெயருக்குள் ஒளித்தாள்.
"நொண்டும்" என்று வாசித்துக் காட்டினாள்.
"லத்தீன். இன்னும் இல்லை என்று அர்த்தம்."

பென்சிலைக் கீழே வைத்தேன்.
என் காதில் அது வேறாக விழுந்தது.
கால் போனது, நொண்டும்.
நொண்டும் பூச்சி. பூச்சி நொண்டும்.
பெயருக்கு முன்னால் நின்றால் எச்சம்,
பின்னால் நின்றால் முற்று,
ஓர் எழுத்தும் மாறாமல்.
இதைப் போலிஷில் சொல்ல எனக்கு வராது.
ஏன் சிரிக்கிறாய் என்றாள்.
கால், என்றேன்.

கழன்ற உறுப்பை உடலோடு சேர்த்துப்
புள்ளிக்கோட்டில் காட்டுவது வழக்கம்.
நான் சேர்க்கவில்லை.
மூன்று மில்லிமீட்டரை
ஒன்பது சென்டிமீட்டராக்கித் தள்ளியே வரைந்தேன்.
நடுவில் வெறும் தாள்.
இவ்வளவு இடம் வீணாகிறதே என்று
பதிப்பகத்திலிருந்து கேட்டார்கள்.
யாத்விகா பதில் போடவில்லை.

மறு வருடம் அக்டோபரில் அச்சானது.
கண்டெடுத்தவர் பெயரில்
ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
ப்ரூனோன் பணப்பையிலிருந்து பேனா எடுத்து
தன் பிரதியில் மட்டும்
அதைப் போட்டுக்கொண்டார்.