எட்டு வாய்

ஆயிரத்து எழுநூறு வெள்ளி.
மூன்று கல்யாணம், ஒரு காதணி விழா,
பாதிப் பணம் தந்துவிட்டு
அப்புறம் போனையே எடுக்காத
தாப்பா பிறந்தநாள் ஒன்று.
எல்லாம் மைலோ டின்னுக்குள் சேர்ந்தது.

சனிக்கிழமை, இருதயராஜின் லோரியில்
சிலிம் ரிவரிலிருந்து ஈப்போவுக்கு.
மூவர் உட்காரும் இடத்தில் நால்வர்.
முதல் நாள் ஏற்றிய செம்பனைக் குலையின் வாடை
காலடியில் ஐந்தாவதாய் வந்தது.

கடையில் சண்டை.
குமுதனுக்குப் பன்னிரண்டு சேனல் வேண்டும்.
பன்னிரண்டு என்று நெற்றியில் எழுதித்தான் இருக்கிறது.
மைக் செருகக் குனிந்து பார்த்தால்
நான்கே வாய்.
இருதயராஜுக்கு டிரம்ஸுக்கு மட்டுமே நாலு மைக்.
"உன் கிக்கு ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கேக்குது,
அதுக்கு எதுக்குலா மைக்கு" என்றேன்.
யோகேஸ்வரி எதுவும் கேட்கவில்லை.
விலைச்சீட்டின் பின்பக்கத்தில்
ஏதோ எழுதியிருப்பதுபோல
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பெரிய மிக்ஸரின் குட்டு
கடைக்கார சியோங்கே உடைத்தது:
எத்தனை உள்ளே போனாலும்
இரண்டாகத்தான் வெளியே வரும்.
கலந்தது கலந்ததுதான்.
தே தாரிக்கிலிருந்து பாலைத் திருப்பி எடுக்க
எந்தக் கடையில் போய்ச் சொல்வது?

மூலையில் இன்னொன்று, சாம்பல் நிறம்.
எட்டு வாய். எட்டும் எட்டாகவே பதியும்.
விரல் விட்டு எண்ணினேன்.
பாட்டுக்கு ஒன்று. என் பேஸுக்கு ஒன்று.
கீபோர்டுக்கு இடம் வலம் இரண்டு.
டிரம்ஸுக்குப் பேரம் பேசி மூன்று.
மிச்சம் ஒன்று, கித்தாருக்கு என்றாவது ஆள் கிடைத்தால்.
ஆயிரத்து அறுநூற்று எண்பது.
இருபது வெள்ளிக்குப் பீடோரில் கொய்யா வாங்கித் தின்றுகொண்டே
வீடு வந்தோம்.

ஒத்திகை பழைய உரக்கிடங்கில்.
தகரக் கூரை.
இரண்டாம் பாட்டில் மழை பிடித்தது.
அதற்கு யாரும் வாய் ஒதுக்கவில்லை,
எட்டிலும் ஏறிக்கொண்டது.

எனக்கு ஆலையில் எடைமேடை, இரவு வேலை.
ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவில்
ஹெட்போனை மாட்டி
ஒவ்வொன்றாய் மூடி, ஒவ்வொன்றாய்த் திறந்து கேட்டேன்.
முதலில் என்னை.
இரண்டாம் சரணத்தில் ஒரு சுரம் தப்பு.
நான்கு வருடமாக அதே இடத்தில் விழுந்திருக்கிறேன்,
கீபோர்டு மேலே போர்வை போட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

பிறகு அவளை.
மழை. ஒரு இருமல். பாட்டு.
பாட்டு முடிந்த இடைவெளி;
தூரத்தில் இருதயராஜ் ஸ்னேரை முறுக்குகிறான்.
மைக்குக்குப் பக்கத்தில், தணிந்து:
"ஆர்டர் வந்துருச்சுக்கா.
ஜொகூர் ஆஸ்பத்திரி. மாசக் கடைசில ரிப்போர்ட் பண்ணணும்.
இல்ல, இவங்ககிட்ட சொல்லல.
மிஷினு வாங்கப் போறோம்னு
குதிச்சிக்கிட்டு இருந்தாங்கக்கா."
குச்சிகள் நாலு தட்ட
அடுத்த பல்லவியை எடுக்கிறாள்.
சுதி மயிரிழையும் நகரவில்லை.

வெளியே ஹார்ன்.
பதினாலு டன் முந்நூற்றிருபது.
அதையே இரண்டு முறை எழுதியிருந்தேன்,
மேற்பார்வையாளர் காலையில் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை
குமுதன் மறுபடி ஆரம்பித்தான்,
பன்னிரண்டாக வாங்கியிருக்கலாம்,
எட்டு இப்பவே நிறைஞ்சிருச்சு என்று.
"எட்டு போதும்.
இன்னைக்கு நாம வாசிக்க வேணாம்.
நீ சுதி மட்டும் பிடி.
யோகேஸ் பாடட்டும், பத்தொன்பது பாட்டும், வரிசையா."
"ஏன்லா?"
திருக வேண்டாத குமிழ் ஒன்றைத்
திருகிக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.
எரிய ஆரம்பித்திருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.
செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் குடித்தாள்.
போனை அணைத்து
காலி மைலோ டின்னுக்குள் போட்டு
மூடியை அழுத்தி மூடினாள்.