நல்லி

மேலப்பாளையம் சந்தை ரோட்டில் என் கறிக்கடை.
ஞாயிறு காலை ஆறு மணிக்கே கேட்பார்கள்,
"பாய், நல்லி ரெண்டு சேத்துப் போடுங்க."
கத்தியின் முதுகால் ஒரே தட்டு.
குட்டி என்றால் உள்ளே சிவப்பு,
இன்னும் வேலையில் இருக்கிற சிவப்பு.
கிழடு என்றால் மஞ்சள், விரலில் வழுக்கும்.
உறிஞ்சுபவர்களுக்கு மஞ்சள்தான் பிடிக்கும்.

பல்கீஸுக்கு ஹைகிரவுண்டில்
இருபத்தைந்து நாள் கரண்டு வைத்தார்கள்,
இடுப்பைச் சுற்றி ஊதா மையில் கோடு கிழித்து.
பிறகு ஊசி மருந்து.
முதல் தடவை பத்து நாளில் வெள்ளை அணு ஏறியது.
இரண்டாம் தடவை பதினெட்டு.
மூன்றாவதற்குப் போனோம்: ஆயிரத்து நானூறு.
"இன்னைக்கு வேண்டாம். அடுத்த வாரம் வாங்க."
அடுத்த வாரமும் ஆயிரத்து நானூறு.
ஆட்டோவுக்கு மட்டும் இருநூறு குறையவேயில்லை.

பின்னிடுப்பில் துளைத்து எடுத்தார்கள்,
தீக்குச்சி நீளம்கூட இல்லை.
கதவுக்கு வெளியே எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.
கேட்டிருக்காது என்கிறாள் நர்ஸ்.
கேட்டது.

டாக்டரம்மாவுக்குச் சேரன்மகாதேவி.
வயலை வைத்துச் சொன்னார்:
"விதை கொஞ்சம் இருக்கு பாய்,
நாத்தங்கால்தான் கெட்டுப்போச்சு.
வாய்க்கால் தூந்துட்டு."
எனக்கு வயல் கிடையாது. சும்மா நின்றேன்.
கண்ணாடிச் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார்.
வட்டம் வட்டமாய் வெள்ளை.
நடுவே அங்கொன்றும் இங்கொன்றும் ஊதாப் புள்ளி,
சந்தை கலைந்த பின்னும்
விலைபோகாமல் நிற்கிற மாடுகள் மாதிரி.
"இந்த வெள்ளையெல்லாம்..."
"கொழுப்பு" என்றேன்.
அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நாற்பத்தொரு வயசு அவளுக்கு.

மறுபடி சிவக்குமா என்று கேட்டேன்.
"சிலருக்குச் சிவக்கும்.
கரண்டு பட்ட இடத்துல சந்தேகம்தான்.
மத்த எலும்பு தாங்கணும்."
எந்த எலும்பு?
நெஞ்சு, விலா, மேல் முதுகு என்றார்.
தினமும் நான் விலை சொல்லும் பெயர்கள்.

வார்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்,
துளைத்த பக்கம் மேலே.
"என்னத்தக் காட்டுனாவ?
என் எலும்பு எப்படி இருக்காம்?"

இருபத்தாறு வருஷ வியாபாரம்.
கிழட்டாட்டை இளசென்று சொல்லி
ஒருத்தருக்கும் நிறுத்துக் கொடுத்ததில்லை.
"இளசு" என்றேன்.

வெடித்த உதட்டோடு சிரித்தாள்,
கறிக்கடைக்காரன் பெண்டாட்டி.
"தட்டிப் பாக்காமலா சொல்லுதீய?"