முன் அனுபவம்

கோர்ட்ரைக் நகர வேலைவாய்ப்பு அலுவலகம்,
மூன்றாம் எண் மேசை.
முன் அனுபவம் என்ற கட்டத்தில்
சைக்கிள், பதினொரு வருடம் என்று எழுதினேன்.
சட்டையில் அன்னலோர் என்று பெயர் குத்திய பெண்
கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டாள்:
கூரியரா?

இல்லை. பந்தயம்.

எத்தனை ஜெயித்தீர்கள்?

ஒன்று.
ஹாரெல்பேக்குக்கு அப்பால் ஒரு தேவாலயத் திருவிழாவில்.
விடாத மழை, பெரிய ஆட்கள் யாரும் வரவில்லை.
ஒரு உறையும் உப்பிட்ட பன்றித் தொடையும் கொடுத்தார்கள்.
உறை அன்றிரவே தீர்ந்தது.
தொடை ஈஸ்டர் வரை வந்தது.

மற்ற நாளெல்லாம்?

தண்ணீர் சுமந்தேன்.

அவள் விரல் எழுத்துப்பலகை மேலேயே நின்றது.
விளக்க வேண்டியதாயிற்று:
கூட்டத்தை விட்டுப் பின்தங்கி
அணியின் காருக்குப் போக வேண்டும்.
முதுகில் மூன்று போத்தல், வயிற்றில் நாலு, பல்லில் ஒன்று.
சட்டைக்குள் அத்தனை குளிரோடு
நிறைமாதக்காரி போல
நூற்றைம்பது பேரைத் தாண்டி முன்னே வந்து
ஒவ்வொன்றாய்ப் பிரசவிக்க வேண்டும்.
வாங்குகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. கை மட்டும் நீளும்.

காற்றும் உடைத்தேன்.
ருஜெரோ சார்தொரெல் என் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி
ஒண்டிக்கொண்டு வருவான்.
என் முதுகை அவன் அளவுக்கு
என் மனைவியும் பார்த்ததில்லை.

ஒருநாள் கல் பாவிய சாலையில்
அவன் சக்கரம் காற்றிறங்கியது.
யோசிக்கவே இல்லை,
என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன்.
கார் அவன் பின்னால் போய்விட்டது.
பீட்ரூட் வயலோரம்
முன்சக்கரம் இல்லாத சைக்கிளை
முடக்கன்றைப் பிடித்தவன் போலப் பிடித்துக்கொண்டு
நாற்பது நிமிடம் நின்றேன்.
பார்த்திருப்பீர்கள் அந்தப் படத்தை,
பேக்கரியில்கூட மாட்டியிருக்கிறார்கள்.
இரண்டு கையும் தூக்கிச் சிரிக்கிறான்.
அவனுக்குக் கீழே
கோட்டை முதலில் தொடுகிற சக்கரம்
என்னுடையது.

அவள் தட்டினாள்: குழுப்பணி.

விடுதி அறையில்
மருத்துவர் கொண்டுவரும் சின்னக் குளிர்பெட்டியைப் பற்றி
அவள் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

ஏன் விட்டீர்கள்?

விடவில்லை.
அக்டோபரில் போன் வரவில்லை.
நவம்பரிலும்.
டிசம்பரில் நானே கூப்பிட்டேன்.
மேலாளர் எடுத்து, ரொம்ப அன்பாக,
லீவன், உங்கள் பக்கம் மழை எப்படி, என்றார்.

அவளுக்குப் புரிந்தது போலிருந்தது.
அல்லது அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது.
உடற்குறை ஏதாவது?
இடது காறை எலும்பு, மூன்று முறை.
சுண்டுவிரலில் உணர்ச்சி இல்லை.
மழித்துக்கொண்டே இருந்த காலில் மறுபடி மயிர் முளைத்து
பாதி ராத்திரியில்
படுக்கையில் யாரோ இருக்கிறார்கள் என்று விழித்ததை
குறையில் சேர்ப்பதா தெரியவில்லை.
சேர்க்கவில்லை.

குடிபானக் கிடங்கில் ஓர் இடம் இருக்கிறது.
காலை ஐந்து மணிக்கு. பாரம் தூக்குவீர்களா?

தண்ணீரா, என்றேன்.

பெரும்பாலும் பீர், என்றாள்.
முதல் தடவையாகச் சிரித்தாள். நானும்.

வெளியே லேயே ஆற்றின் மேல் வடமேற்குக் காற்று.
வங்கிக் கொடியைப் பார்த்து
எத்தனை வேகம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.
பாலத்தடியில் ஒருவன் சிகரெட்டோடு போராடிக்கொண்டிருந்தான்.
மூன்று தீக்குச்சி அணைந்தது.
யாரும் சொல்லாமல்
காற்றுப் பக்கமாகப் போய் நின்றேன்.
நாலாவது பற்றிக்கொண்டது.

புகையை இழுத்துவிட்டு
வானத்தைப் பார்த்தான்,
காற்று ஓய்ந்துவிட்டதென்று.