துணைக்கு வந்தவர்

விசாவில் அவள் நோயாளி, அவன் துணை.
என் லெட்ஜரிலும் அப்படியே எழுதினேன்:
அறை பதினாலு. ரொகேயா பேகம், தொண்டையில் கட்டி.
மொஃபஸ்ஸல், கணவன். ஊர் குரிகிராம், வங்காளதேசம்.
வாடகை நானூற்றைம்பது.
கேஸ் அடுப்பு தனி, பாத்திரம் தனி.

ராத்திரி ஒன்றே கால்.
செருப்பில்லாமல் படியிறங்கி வந்து
'பாய்' என்றாள்.
நான் பாய் இல்லை, செங்கேணி.
பன்னிரண்டு வருஷ நைட் டியூட்டியில்
அதைத் திருத்துவதை விட்டாச்சு.

மேலே,
துணைக்கு வந்தவர் தரையில் சுருண்டு கிடந்தார்,
யாரோ பிடுங்கப்போகிற மூட்டை மாதிரி
வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு.
சாயங்காலம் வாங்கின ரோகு மீன்
அலசாமல் சட்டியில்.

சம்பங்கியின் ஆட்டோவில் நாலு நிமிஷம்.
ஜன்னலைத் திறந்தால் தெரிகிற ஆஸ்பத்திரிதான்;
அவசர வாசல் வழியாகப் போனால்
வேறு ஊர் போலிருந்தது.
ஊசி. ஸ்கேன். குடல்வால் வெடித்துவிட்டது.
'கூட வந்தவங்க யாரு?'
அவள் தன் அட்டையை நீட்டினாள்.
'இது பேஷண்ட் கார்டும்மா. கூட யாரு?'
எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னேன்.
தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு
'ஆமி' என்றாள். நான்தான்.
பெருவிரலில் மை தடவினார்கள்.

பிறகு அந்தக் கேள்வி.
கோயம்பேட்டிலிருந்து காய் இறக்குகிறவன் முதல்
எக்ஸ்ரே கவர் விற்கிற பையன் வரை
இந்த ஊரில் எல்லோருக்கும் புரிகிற கேள்வி:
'கொதோ டாக்கா?'
கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினேன்.
ஒன்றரை லட்சம். அவர்கள் பணத்தில்.
சுழியங்களை நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

ஜாவித்தை எழுப்பினேன்.
லுங்கியோடு ஷட்டரைப் பாதி தூக்கி
டாலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
பகல் ரேட்டில் ஒரு ரூபாய் குறைத்தான்.
தூக்கத்துக்கும் விலை உண்டில்லையா என்றான்.

வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன் தேதி.
வியாழக்கிழமை காலை
கட்டின அட்வான்ஸை இரண்டாம் கவுன்ட்டரில் திரும்ப வாங்கி
ஏழாம் கவுன்ட்டரில் கட்டினாள்.
நடுவே இருபதடி இருக்கும்.
முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு நடந்தாள்.
பக்கத்தில் நானும் நடந்தேன்,
ஃபைலைத் தூக்கிக்கொண்டு, வேறெதற்கும் உதவாமல்.

'அவரிடம் சொல்லாதே, பாய்.
டாக்டர் தள்ளிப் போட்டார் என்று சொல்.'
கரகரப்பு இப்போது கூடியிருந்தது.

ரெண்டு நாள் வாடகையை விட்டுக்கொடுத்தேன்
என்று எழுத ஆசைதான்.
ஓனர் விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.
அடுப்பு வாடகை மட்டும் கழிந்தது,
ஒன்பது நாளாய் அவர்கள் அதைப் பற்றவைக்கவில்லை என்பதால்.

காட்பாடி ஸ்டேஷன். நாலாவது பிளாட்பாரம்.
தையல் போட்ட வயிற்றுக்கு மேல் பையை வைத்துக்கொள்ளப் பார்த்தார்;
அவள் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.
ரயில் வருகிற சத்தத்தில்
அவர் என் காதருகே கேட்டார்:
டாக்டர் இவளை எப்போது வரச்சொன்னார்?
டிசம்பர் என்றேன்.
வாயில் முதலில் வந்த மாதம்.
அவர் அதை விரலில் எண்ணினார்,
நெல் அறுத்து, விற்று, மறுபடி விசா எடுத்து...
'ஹோபே' என்றார். முடியும்.

இன்றைக்கு டிசம்பர் முப்பத்தொன்று.
மாசம் பூராவும் பதினாலின் சாவியைக்
கடைசியாகத்தான் கொடுத்து வந்தேன்.
மணி பத்தரை.
சில்சாரிலிருந்து ஒரு குடும்பம் வந்து நிற்கிறது,
மூணு பேர், ஒரு சூட்கேஸ், ஒரு கைக்குழந்தை.
யார் நோயாளி என்று கேட்டு
பேனாவைத் திறக்கிறேன்.