எத்தனை படி

இரவு பத்தே கால்.
செந்தூல் அடுக்ககம், ஏழாவது மாடி.
மேசைமேல் விரித்த வரைபடம் சுருளாமலிருக்க
ஒரு மூலையில் மைலோ டின்,
ஒரு மூலையில் என் மருந்துப்பெட்டி.
குணாளன் பென்சிலால் கோடு இழுக்கிறான்:
மலாக்காவில் ஓர் இரவு,
தைப்பிங்கில் ஓர் இரவு,
பினாங்கில் இரண்டு,
அப்படியே ஓர் எட்டு கடாரம்.
சரித்திரம், சாப்பாடு, ஏரி, மலை
எல்லாம் ஐந்து நாளில் அடங்கிவிட்டன.
அவன் அப்படித்தான்.
கல்யாணத்துக்கும் இப்படித்தான் பட்டியல் போட்டான்,
தாலிக்கயிற்றை மட்டும் மறந்து.

என் பங்குக்கு நான் சேர்த்தது ஒரே கட்டம்,
ஓரத்தில், சிவப்பில்:
எத்தனை படி?

இடது கால் மேசைக்கு வரவில்லை.
ஐஸ்பெட்டியில் சாய்ந்து நிற்கிறது,
சப்பாத்தோடு.
வீட்டுக்கு வந்து எட்டு மாதம்.
வேலைக்குப் போயிருக்கிறது, வங்கிக்கு,
ஒரு துக்க வீட்டுக்கு, இரண்டு கல்யாணத்துக்கு.
ஊர் பார்க்கப் போனதில்லை.

பத்துமலை இருநூற்று எழுபத்திரண்டு.
பக்கத்தில்தானே, முருகன் எங்கே போய்விடுவான்.
தண்ணீர்மலை ஐந்நூற்றுப் பதின்மூன்று.
அடித்தேன்.
அங்கேயும் அவன்தான், கோபித்துக்கொள்ள மாட்டான்.
கொடிமலைக்கு ரயில் ஏறுகிறது.
ரயிலுக்கு நான் ஏற எத்தனை என்று
ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

மலாக்காக் கோட்டைவாசல் தரையோடு தரை.
போர்த்துகீசியர் வாழ்க என்றேன்.
"உனக்காகவாம்மா கட்டினாங்க?"
சோபாவில் படுத்தபடி கவிஷா.
வாசலுக்குப் பின்னால் குன்று,
குன்றின்மேல் கூரையில்லாத தேவாலயம்.
நீங்கள் ஏறுங்கள்,
நான் கீழே செண்டோல் சாப்பிடுகிறேன்.
செண்டோல் தின்றுதான் கால் போனது என்று
ஒருவரும் சொல்லவில்லை.
மூவரும் நினைத்தோம்.

தைப்பிங் விடுதிக்கார மேடம் லிம்
லிப்ட் இல்லை என்றார்.
கீழே ஓர் அறை உண்டு,
ஜன்னல் ஏரியைப் பார்க்காது,
கோழிச்சோற்றுக் கடையைப் பார்க்கும், சரியா?
சரி.
மழை கேட்டேன்.
"தைப்பிங்கில் மழை இல்லாத நாளைத்தான் கேட்கணும்."
ஈரத்தில் வெட்டுவாய் உப்பும்,
கிண்ணம் இறுகும்,
இரண்டு உறை கூடுதலாக எடுக்கவேண்டும்.
எழுதிக்கொண்டேன், ஏரிக்கரை மரங்களுக்குக் கீழே.
சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி
தண்ணீரில் விரல் நனைக்குமாம் அவை.
நின்ற இடத்திலிருந்தே எட்டுவதற்கும்
ஒரு வித்தை இருக்கிறது போல.

கடாரம்தான் இழுத்தது.
கொண்டவனுக்குப் பட்டம் கிடைத்தது,
மெய்க்கீர்த்தி கிடைத்தது.
அதில் யானை வருகிறது, தோரணவாயில் வருகிறது,
படிக்கட்டு பற்றி ஒரு சொல் இல்லை.
இணையத்தில் எல்லோரும்
உச்சியில் நின்றே படம் எடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் மதியம், அலுவலகத்திலிருந்து,
மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அழைத்தேன்.
ரோஸ்லான் என்றொருவர் எடுத்தார்.
வயதானவரா என்று கேட்டார்.
நாற்பத்தாறு என்றேன். காலைச் சொன்னேன்.
"லைனில் இருங்கள்."

இருந்தேன்.
ஒரு சேவல். ஓடுகிற தண்ணீர்.
தூரத்தில் யாரோ மலாயில் எண்ணுகிறார்கள்:
பதினொன்று, பன்னிரண்டு,
பிறகு எண் கேட்கவில்லை, மூச்சு மட்டும்.
என் முன்னே சம்பளப் பட்டியல்
திரை அணைந்து கிடந்தது.

"இருபத்தாறு, அக்கா.
இல்லை, இருபத்தேழு.
ஒன்று படியா வெறும் கல்லா, தெரியவில்லை.
நடுவில் கைப்பிடி இல்லை.
வருவதற்கு முன் அழையுங்கள்,
நான் நடுவில் நிற்கிறேன்."

இரவு கட்டத்தில் நிரப்பினேன்:
26, அல்லது 27.
கீழே சின்ன எழுத்தில், ரோஸ்லான், வெள்ளி விடுமுறை.
குணாளன் படித்தான், ஒன்றும் கேட்கவில்லை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
சிவப்புக் கட்டத்தை மேலிருந்து கீழே பார்த்தவன்
கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்தான்.

கூட்டாதே என்றேன்.