மூன்றாம் எழுத்து

முகம் வேண்டாம், கால் போதும் என்று
த்ரொம்சோவிலிருந்து எழுதியிருந்தாள் இங்கெலின்.
காலில் மாட்டிய சிவப்பு வளையம்,
அதில் மூன்று எழுத்து.
படிக்கிற மாதிரி ஒரு படம்,
அவ்வளவுதான்.

வார்டோவில் க்ரிக்யேக்கள்
பாறையை விட்டு ஊருக்குள் வந்து வெகுகாலம்.
பல் மருத்துவமனையின் ஜன்னல் விளிம்புகளில்
பாசியும் சேறும் அப்பிக் கூடு கட்டுகின்றன.
எதிர்மாடியில் நான்.
இடையில் ஒரு தெரு, ஒரு குப்பைத்தொட்டி,
நாளெல்லாம் தன் பெயரையே கத்தும் கூட்டம்.

வெள்ளைப் பறவை. கறுப்புக் கால்.
வயிற்றின் நிழல் விழுகிற இடத்தில்தான் வளையம்.
மார்புக்கு ஒளி அளந்தால்
இறகு இறகாக மார்பு,
கீழே கரி.
காலுக்கு அளந்தால்
கால் இருக்கிறது, எழுத்து இருக்கிறது,
மேலே பறவை இருந்த இடத்தில்
வெறும் காகிதம்.

தூர்லைஃப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.
என் கை நீளம் இருக்கும் அவன் லென்ஸ்.
"வெள்ளையைச் சுட்டுவிட்டாயே, ராக்ன்ஃப்ரிட்!
சுடக்கூடாது என்பதுதானே முதல் பாடம்?"
இங்கே இறகுக்கு ஆள் இல்லை என்றேன்.
பறக்கிறதை எடு, அதற்கு
நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேண்டும் என்று
காபி ஆறும்வரை பேசினான்.

துளை எட்டு:
விளிம்பில் முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் தெளிய.
ஷட்டர் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு:
கூட்டில் நிற்கிற காலுக்கு அது தாராளம்.
மீட்டர் கேட்பதைவிட இரண்டு படி கூடுதல் ஒளி.
ஐஎஸ்ஓ அதன் போக்கில்.
சத்தத்தை அணைத்துவிட்டேன்,
ஏற்கெனவே போதுமான சத்தம் கேட்டவை அவை.

நோய் வந்த கோடையில்
வெள்ளை அங்கி போட்டவர்கள்
இந்தத் தெருவில்தான் வாளியோடு நடந்தார்கள்.
அப்போது நான் ஒரு படமும் எடுக்கவில்லை.
பதினொரு கூடு இருந்த விளிம்பில் இப்போது நான்கு.
நான் தேடுவது எச்-ஏழு-டி.
மூன்றாவது ஜன்னல், இடது மூலை.
உள்ளே மருத்துவர் பல்லைக் குடையும்போதும்
எழாமல் உட்கார்ந்திருந்த பறவை.

பன்னிரண்டு நாள்.
அந்த மூலையில் ஒன்று வந்து உட்கார்ந்தது,
காலை மடித்து.

மே பதினேழு, கொடி நாள்.
லேசான பனித்தூறலில் ஊர்வலம் வந்தது.
பித்தளை வாத்தியங்களின் கடைசி வரிசையில்
தூர்லைஃப்,
இரண்டு கையும் டூபாவில்.
திருப்பத்தில் பெரிய மேளம் அதிர்ந்ததும்
விளிம்பு காலி.

பிறகு திரும்பின.
இறங்கும்போது க்ரிக்யே கால்களைத் தொங்கவிடும்.
வயிறில்லை, நிழலில்லை,
வெட்டவெளியில் கால்!
என் ஷட்டரோ இருநூற்றைம்பதில்.
கட்டைவிரல் சக்கரத்தைத் தள்ளியது,
ஐந்நூறு, ஆயிரம்,
ஆயிரத்து அறுநூறு.
துளையைத் தொட நேரமில்லை.
ஐஎஸ்ஓ எங்கே போய் நின்றதென்று
பிறகுதான் பார்த்தேன்:
ஆறாயிரத்து நானூறு.

குருணை குருணையாய் வானம்.
மார்பு முழுக்க வெந்துபோயிருக்கிறது.
வளையம் தெளிவு.
எச்.
ஏழு.
மூன்றாவதன் மேல் ஒரு இழை பாசி.

டி-யா, பி-யா என்று கேட்டாள் இங்கெலின்.
பெரிதாக்கினேன்.
பெரிதாக்கப் பெரிதாக்க எழுத்து போய்
சிவப்புக் கட்டங்கள் மிஞ்சின.
மூலை அதே மூலைதான் என்று எழுதினேன்.
மூலை சாட்சி சொல்லாது என்று பதில் வந்தது.

மாலையில் தூர்லைஃப், வாசித்து உதடு வீங்கி.
நெடுநேரம் பார்த்தான்.
வெள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"ஷட்டர்?"
சொன்னேன்.
"இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால்..."
பாசி அசையவில்லை, தூர்லைஃப்.

படிவத்தின் மூன்றாம் கட்டத்தில்
கேள்விக்குறி போட்டு அனுப்பினேன்.
சக்கரத்தைத் திருப்பினேன், இருநூற்றைம்பது.
இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கிறது.
எதிரே அது
காலை மடித்துத் தூங்குகிறது.