இரண்டு அங்குலம் கீழே

பன்றி மோதிய இரவிலிருந்து
என் டாட்சனின் இடக்கண் சாக்கடையைப் பார்க்கிறது.
வலக்கண், எதிரே வரும் லோரிக்காரனின் முகத்தை.
பகாவ் சாலையில் எவனாவது
பளிச் பளிச்சென்று அடித்துக் காட்டுவான்,
கண்ணாடியை இறக்கித் திட்டுவான்.
திட்டு காற்றில் பாதி கிழிந்து வரும்.
மீதியை நானே நிரப்பிக்கொள்வேன்.

பட்டறையில் எண்பது வெள்ளி கேட்டார்கள்.
கையேட்டில் ஒரே ஒரு பக்கம்தான்:
சமதளம். இருபத்தைந்து அடி. ஒரு சுவர்.
டயரில் சரியான காற்று, பாதி டாங்கி எண்ணெய்,
ஓட்டுகிற இருக்கையில் ஓர் ஆளின் எடை.

சமதளம் இருந்தது.
இருபத்தைந்தாவது அடியில் இருந்த சுவர்
மரியசூசையுடையது.

அவர் மாடு என் மரவள்ளியைத் தின்றதிலிருந்து
ஏழு மாதமாக நாங்கள் பேசுவதில்லை.
அந்த ஏழு மாதமும் அவர் வாளிச் சத்தத்தில்தான்
நான் மணி பார்த்தேன் என்பது வேறு.

இருட்டத் தொடங்கியதும் போய்க் கேட்டேன்:
"உங்க சுவர் கொஞ்ச நேரம் வேணும்."
பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தவர்
"எடுத்துக்கிட்டு எங்க போகப் போற?" என்றார்.
அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

விளக்கின் நடுவுக்குத் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து
சுவரில் கறுப்பு டேப் ஒட்டினேன்.
படுக்கையாய் ஒன்று, நெடுக்கையாய் ஒன்று.
அடுத்ததற்கும் அப்படியே.
பிலோமினா அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.
"ரெண்டு சிலுவைன்னா ரெண்டும் கள்ளனுங்களுக்கு.
நடுவுல உள்ளவர எங்க?"

எடைக்கு உர மூட்டையை ஏற்றினேன், ஐம்பது கிலோ.
மில்லின் எடைமேடையில் பதினொரு வருடம்.
லோரி திரும்பும்போதே டன்னைச் சொல்லிவிடுவேன்.
நான் அறுபத்தெட்டு. இன்னும் பதினெட்டுக்கு
அரிசிப் பையையும் இரண்டு தேங்காயையும் தூக்கி வந்தபோது
பொறுக்க முடியாமல் சூசை
மூட்டையை இறக்கிப் போட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார்.
கண்ணாலேயே எடை போட்டேன்:
அறுபத்தாறு, ஈரக் கைலியோடு.

குரோம் வளையத்துக்குள்
துருவும் ஒரு செத்த தும்பியும்.
மேல் திருகு ஏற்றும், இறக்கும்.
பக்கத் திருகு இடம் வலம் தள்ளும்,
தள்ளவில்லை. தையல் மெஷின் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.
காத்திருக்கும்போது பேசாமல் இருப்பது கஷ்டம்.
"ஸ்டேரிங் லூசா இருக்கு."
"தெரியும்."
"மரவள்ளி திரும்ப வச்சியா?"
"வச்சிருக்கேன். வேலியோட."

ஒரு விளக்கைக் கோணியால் மூடினேன்.
கால் சுற்று. அரைச் சுற்று. கொஞ்சம் பின்னால்.
வெளிச்சத்தின் மேல்விளிம்பு
சுவரின் வெடிப்புகளை ஒவ்வொன்றாய்க் கைவிட்டு இறங்க
ஒரு பல்லி இருட்டுக்குள் தப்பி ஏறியது.
டேப்புக்கு இரண்டு அங்குலம் கீழே.
அங்கேதான் நிற்க வேண்டும்.

நின்ற நேரம் மாடு வந்தது.
அதே மாடு.
இரண்டு சிலுவைகளுக்கும் நடுவில் நின்று
அசைபோட்டது.
வெளிச்சம் முழங்காலில் ஏறி மார்புக்கு அடியில் முடிந்தது.
அதற்கு மேல் மாடு இல்லை,
மெல்லும் சத்தம் மட்டும்.

"ரோட்டுலயும் இவ்வளவுதான் தெரியுமா?" என்றார் சூசை.
"கால் தெரிஞ்சாப் போதும். பிரேக் போட்டுருவேன்."
அவர் ஸ்டேரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம்
அதன் கன்றை ஏதோ வண்டி அடித்துப் போட்டது.
மறுநாள் காலை என் மேடைக்கு வந்த ஒரு லோரியின்
பம்பரில் செவலை ரோமம் ஒட்டியிருந்தது.
நான் டன்னை மட்டும் எழுதினேன்.

பத்து மணிக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன்.
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்,
கிளட்சு எட்டவில்லை.
நுனியில் உட்கார்ந்தே ஓட்டினேன், ஈரத்தின் மேல்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எதிரே வந்தது.
அடித்துக் காட்டவில்லை.
கண்ணாடியை இறக்கவில்லை.
முதன்முறையாக நம்பர் பிளேட் சுத்தமாகத் தெரிந்தது.
தெரிந்த நம்பர்தான்.

திரும்பி வந்தபோது
சூசை வீட்டில் இன்னும் விளக்கு எரிந்தது.